பவுடர் டப்பாவில் வந்த மண்

எங்கள் ஊர் ஜெயமங்கலத்துக்கு அடுத்த ஊர். மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் பின்னால், புளியமரத்தை ஒட்டி, முழங்கால் உயரத்தில் ஒரு கல் வரிசை நிற்கிறது. சிலை செதுக்கியிருக்காது, எழுத்தும் இருக்காது. எங்கள் பங்காளிகளில் சண்டையில் பட்டுச் செத்தவர்களுக்காக நட்ட கற்கள் அவை. பட்டவன் சாமி என்று கும்பிடுவோம். மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் குடும்பத்தில் மூத்தவர் வரிசையின் ஒரு முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கல்லின் முன்னாலும் நின்று, அதற்குரிய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சுருட்டும் சாராயமும் கருவாட்டுக் குழம்பும் படைப்பார். பெயர் அவர் நாக்கில் மட்டுமே இருக்கும். தென்கோடியில் இரண்டு கற்களுக்கு எப்போதோ யாரோ பெயரைத் தொலைத்துவிட்டார்கள். அவற்றுக்கும் சுருட்டு உண்டு. கூப்பிடத்தான் ஒன்றுமில்லை.

வடகோடியில் இருப்பது என் சித்தப்பாவின் கல். அதை நட்டபோது நான் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா ஆயில் இன்ஜின் மெக்கானிக். சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்றடியில் இன்ஜின் நின்றுபோனாலும் அவருக்குத்தான் ஆள் வரும். கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றும்போது அவர் இன்ஜினோடு பேசுவார். திட்ட மாட்டார், கெஞ்சுவார். "எந்திரி ஆத்தா, எந்திரி, இன்னொருக்கா" என்பார், நோயில் கிடக்கும் ஒருத்தியைக் கஞ்சி குடிக்க எழுப்புவது போல. இன்ஜின் புகையைக் கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கினால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். இதை நான் என் காதால் கேட்டேனா, பிறர் சொல்லிச் சொல்லி என் காதில் ஏறியதா என்று இன்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கவில்லை.

அதற்கு முன்பு அவர் ராணுவத்தில் சேரப் பார்த்தார். தேனிப் பக்கத்தில் ஆள் எடுக்க வந்தபோது அவரும், அடுத்த தெருவில் இருந்த அவருடைய கூட்டாளியும் ஒரே வரிசையில் நின்றார்கள். கூட்டாளியை எடுத்துக்கொண்டார்கள். சித்தப்பாவின் பாதம் தட்டை என்று திருப்பி அனுப்பினார்கள். கூட்டாளி ஊரில் எல்லோருக்கும் பட்டாளத்து மாமா ஆனார். சித்தப்பா ஸ்பானரோடு இருந்தார்.

பிறகு இலங்கையில் தமிழர்களை வீட்டோடு வைத்து எரிக்கிறார்கள் என்று ஊருக்கு ஊர் ஊர்வலம் போன நாட்கள் வந்தன. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. திருப்பூரில் மோட்டார் கம்பெனியில் வேலை என்று சொல்லிவிட்டுப் பையோடு கிளம்பினார். அவர் போய்ச் சேர்ந்தது கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு இயக்கத்தில். அங்கே பாதத்தை யாரும் பார்க்கவில்லை.

முதலில் ஊர் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டது. டீக்கடையில் அப்பாவுக்கு பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் நம் ராணுவம் அந்தத் தீவுக்குப் போனது. போன கொஞ்ச நாளில் அதே இயக்கத்தோடு சண்டை மூண்டது. டீக்கடையில் இலங்கைப் பேச்சு நின்றுபோனது. செய்தித்தாளில் அந்தப் பக்கத்தை அப்பா மடித்துவிட்டுப் படித்தார். கூடத்துச் சுவரில் இருந்த சித்தப்பாவின் படம் நெல் குலுக்கைக்குள் போனது. தேனியிலிருந்து வேட்டி கட்டிய போலீஸ்காரர் ஒருவர் அவ்வப்போது வந்து, காபி குடித்துவிட்டு, தகவல் ஏதும் உண்டா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போவார். மரியாதையான மனிதர். சித்தப்பாவை நினைவில் வைத்து அரசாங்கம் அனுப்பிய ஒரே ஆள் அவர்தான். பல வருடங்கள் கழித்து அவர் வருவதும் நின்றபோது, "அவரும் மறந்துட்டாரு போல" என்றார் அம்மா. அதில் வருத்தம் இருந்தது.

சித்தி எங்கள் வீட்டிலேயே இருந்தார். நான் அவரோடுதான் படுப்பேன், அவர்தான் எனக்குத் தலை பின்னிவிடுவார். சின்னமனூரிலிருந்து அவருடைய அண்ணன் வரும்போதெல்லாம் தங்கையைக் கூட்டிப்போகிறேன் என்பார். எங்களில் அறுத்துக் கட்டுகிற, அதாவது இன்னொருவரிடம் மறுதாலி வாங்கிக்கொள்கிற வழக்கம் உண்டு. ஆனால் அதற்குப் புருஷன் செத்திருக்க வேண்டும். கடிதம் எழுதாத புருஷன் செத்த கணக்கில் வர மாட்டான். சித்தி பூவும் பொட்டுமாக, யாருக்கும் பதில் சொல்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

வைகை அணைப் பக்கத்து அகதி முகாமிலிருந்து ஒருவர் எங்கள் ஊரையும் வீட்டையும் விசாரித்துக்கொண்டு சைக்கிளில் வந்து தகவல் சொன்ன நாள் எனக்கு நினைவிருக்கிறது. அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, ஒரு பெயரைச் சொல்லி, அவர் வீரச்சாவு என்றார். எந்த ஊர்த் தோட்டவெளியில் என்றும் சொன்னார். எந்தப் படையோடு நடந்த சண்டை என்று அவர் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அவர் சொன்ன பெயர் சித்தப்பாவின் பெயரே இல்லை. இயக்கத்தில் வேறு பெயர் வைப்பார்களாம், கல்லறையிலும் அந்தப் பெயரைத்தான் எழுதுவார்களாம்.

சித்தி அதைப் பிடித்துக்கொண்டார். "அது வேற யாரோட பேரோ. யாரு பெத்த புள்ளையோ பாவம்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அன்றைக்கும் மறுநாளும் பூ வைத்துக்கொண்டார்.

அப்பா நம்பிவிட்டார். தம்பிக்குக் கல் நட வேண்டும் என்று கோயிலைப் பார்த்துக்கொண்ட பெரியப்பாவிடம் போனார். பெரியப்பா ஒரு சட்டத்தை எடுத்து வைத்தார். பட்டவனுக்குக் கல் நடுவதென்றால் அவன் விழுந்த இடத்திலிருந்து பிடிமண் வர வேண்டும். ஒரு பிடி மண்ணை எடுத்து, வழியில் எங்கேயும் தரையில் வைக்காமல் கொண்டுவந்து குழியில் போட்டு, அதன்மேல்தான் கல்லை நிறுத்த வேண்டும். மண் வந்தால்தான் ஆள் வந்ததாக அர்த்தம். வயல் வரப்பில் விழுந்தவனுக்கும் ஆண்டிபட்டிச் சந்தையில் விழுந்தவனுக்கும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். "இவன் கடலுக்கு அங்கிட்டுல்ல போய் விழுந்திருக்கான்? யாரு போய் அள்ளிட்டு வர்றது, நீ போறியா?" என்றார் பெரியப்பா.

அந்தத் தீவுக்குப் போய்த் திரும்பி வரக்கூடியவராக எங்கள் ஊரில் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

பட்டாளத்து மாமா அப்போது லீவில் வந்திருந்தார். அவருடைய படைப்பிரிவு அங்கேதான் இருந்தது. அப்பா அவரிடம் போய் இடத்தைச் சொல்லி, மண் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எதிர்த்தரப்பில் நின்றவனுக்கு மண் எடுக்கச் சொல்லி ஒரு சிப்பாயிடம் கேட்கலாமா கூடாதா என்று அப்பா யோசித்ததாகத் தெரியவில்லை. இடத்தின் பெயரைக் கேட்டதும் மாமா அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம். பிறகு, "பாக்குறேன் மச்சான்" என்று மட்டும் சொன்னாராம்.

அடுத்த லீவில், மாசி பிறந்ததும் வந்தார். வழக்கமாக அவர் வந்தால் கேன்டீன் சாமான்களோடுதான் வருவார். பெரியவர்களுக்கு ரம், பெண்களுக்கு சோப்பு, எங்களுக்கு பிஸ்கட். அந்தத் தடவை எங்கள் வீட்டுக்கு ஒரு டால்கம் பவுடர் டப்பா வந்தது. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே மண். செக்கச்செவேலென்று, குங்குமம் நனைந்த மாதிரி. எங்கள் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு மண்ணை நான் பார்த்ததில்லை.

பெரியப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கப்பல்ல வந்த மண்ணு. கஸ்டம்ஸ் கட்டியாச்சா மாப்ள?" என்றார். அப்பா அதற்குச் சிரிக்கவில்லை. வழியில் கீழே வைக்கவில்லையே என்று கேட்டார்.

"கப்பல்ல மடியில வச்சிருந்தேன் மச்சான். ரயில்ல கக்கூசுக்குப் போறப்பக்கூட கழுத்துல தொங்கவிட்டுத்தான் போனேன். பக்கத்து சீட்டு சர்தாரு என்னமோ சாமி சமாச்சாரம்னு நெனச்சு தெனமும் தொட்டுக் கும்பிட்டுக்கிட்டாரு."

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் டப்பாவை வாங்கினார். கீழே வைக்கக் கூடாது என்பதால் கூடத்து விட்டத்தில் உறி கட்டித் தொங்கவிட்டார்கள். வீடு முழுக்க மெல்ல பவுடர் வாசனை வந்தது.

சித்தி அன்றைக்குச் சாப்பிடவில்லை. கல் நட்டால் என்ன நடக்கும் என்பதை அவர் எல்லோரையும்விட நன்றாக அறிந்திருந்தார். மண் குழிக்குள் போகிற அன்றைக்குத் தாலி கழுத்தைவிட்டு இறங்கும். நடாவிட்டால் இந்த வீட்டில் இப்படியே இருக்கலாம், எவ்வளவு காலத்துக்கும். சின்னமனூர் அண்ணன் வந்து அப்பாவிடம் தணிந்த குரலில் பேசினார். பங்காளிகள் வந்து பேசினார்கள். எல்லோரும் ஒரே விஷயத்தை வேறு வேறு மாதிரி சொன்னார்கள். சித்தி ஒரே விஷயத்தை ஒரே மாதிரி சொன்னார்: "பேரு வேற. மண்ணுல என்ன எழுதியிருக்கு, இவுகதான்னு?" நடுவில் யாரும் இல்லாதபோது சித்தி உறியை எட்டி டப்பாவை முகர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன்.

சிவராத்திரிக்கு இரண்டொரு நாள் முன்னால், காலையில், வாடி, தோப்புப் பக்கம் போய்ட்டு வருவோம் என்று சித்தி என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். தனியாகப் போனால் பேச்சு வரும் என்பதால் துணைக்கு நான்.

பட்டாளத்து மாமா தன் தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். சித்தியைப் பார்த்ததும் இன்ஜினை நிறுத்தினார். அது நின்றதும் தோப்பு திடீரென்று அமைதியானது. வாய்க்காலில் மிச்சத் தண்ணீர் ஓடுவது கேட்டது. சித்தி ஒரு தென்னை மரத்துக்குப் பக்கத்தில் நின்று, நேராகக் கேட்டார்.

"அண்ணே, அது அவுக மண்ணுதானா?"

மாமா மம்பட்டியை ஊன்றி நின்றுகொண்டு தரையைப் பார்த்தார். அந்த ஊர் மண்தான் தாயி என்றார். நான் கேட்டது அது இல்லை என்றார் சித்தி. மாமா எதுவும் சொல்லப் போவதில்லை என்று நினைத்து நான் ஒரு தேங்காய்க் குரும்பையை எடுத்து உருட்டத் தொடங்கினேன். அப்போதுதான் அவர் பேசினார். என்னைப் பார்க்காமல், சித்தியையும் பார்க்காமல், நின்றுபோன இன்ஜினைப் பார்த்துப் பேசினார்.

"ஒரு சாயங்காலம் தாயி. பனைகளுக்கு இங்கிட்டு நாங்க படுத்துக் கெடந்தோம். அங்கிட்டு ஒரு மொளகாத் தோட்டம். தண்ணி எறைக்கிற மெஷினு ஓட மாட்டேன்னுருச்சு. சுத்தி நாலஞ்சு பேரு துப்பாக்கியோட நின்னாங்கெ. ஒருத்தன் குனிஞ்சு அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தான். மூஞ்சி தெரியல."

காலால் ஒரு மண்கட்டியை உடைத்தார்.

"மூஞ்சிதான் தெரியல. அவன் அதுகிட்ட பேசுனான் தாயி. எந்திரி ஆத்தா, எந்திரி, இன்னொருக்கான்னான். அந்த ஊர்க்காரவுக அப்படிப் பேச மாட்டாக."

சித்தி மரத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உடம்பு முழுக்க சந்தோஷம் ஓடியது. சித்தப்பாவைப் பார்த்த ஒரு மனிதர் எங்கள் முன்னால் நிற்கிறார். சித்தப்பா அங்கேயும் எங்கள் ஊர்ப் பேச்சைத்தான் பேசுகிறார். சித்தி என்ன கேட்கப் போகிறார் என்று அண்ணாந்து பார்த்தேன்.

"ஓடுச்சாண்ணே?"

"எது தாயி?"

"அந்த மெஷினு."

"ஓடுச்சு. தண்ணி வந்துச்சு. தலையில ஒரு தட்டுத் தட்டிட்டு நிமிந்தான்." மாமா மம்பட்டிக் காம்பை இறுக்கிப் பிடித்திருந்தார். "அப்புறம் எங்களுக்கு உத்தரவு வந்துச்சு."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சித்தி கேட்கவில்லை. மண்ணை அந்தத் தோட்டத்து வாய்க்கால் ஓரத்தில்தான் எடுத்தேன் என்று மட்டும், நாங்கள் திரும்பி நடக்கத் தொடங்கிய பிறகு, பின்னாலிருந்து சொன்னார். சித்தி நின்று, திரும்பாமல், தலையை மட்டும் அசைத்தார். தோப்பை விட்டு வெளியே வரும்வரைக்கும் இன்ஜின் சத்தம் திரும்பக் கேட்கவில்லை.

வழியில் சித்தி என் கையை விடவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "நட்டுருங்க மச்சான்" என்றார். அவ்வளவுதான். அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் வடகோடியில் குழி தோண்டினார்கள். பெரியப்பா டப்பாவைக் கவிழ்த்தார். எங்கள் கரிசல் கலந்த மண்ணில் அந்தச் சிவப்பு தனியாகத் தெரிந்தது. கல்லை நிறுத்தியதும் பெரியப்பா சித்தப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முகாம்காரர் கொண்டுவந்த பெயரையும் சேர்த்துக் கூப்பிடலாமா என்று அப்பா மெதுவாகக் கேட்டார். "எந்தப் பேருக்குத் திரும்பிப் பாப்பானோ, அதையும் சொல்லு" என்றார் பெரியப்பா. அப்பா அதையும் கூப்பிட்டார். சித்தி அங்கே இல்லை. வீட்டில் பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

பட்டாளத்து மாமா கோயில் எல்லைக்கு வெளியே, சாலையில், சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். வாருங்கள் என்று அப்பா கூப்பிட்டுப் பார்த்தார். மாமா ஒரு ரம் பாட்டிலை என் கையில் கொடுத்து, சித்தப்பாவுக்கு வை என்று அனுப்பினார். அவர் எங்கள் பங்காளி இல்லை என்பதால் உள்ளே வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாசியும் பாட்டில் வந்தது. அவர் எல்லைக்குள் வந்ததே இல்லை.

சித்தியை இரண்டு வருடம் கழித்து மேகமலையில் ஏலத்தோட்டக் கணக்கர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர். மாசி மாதம் சின்னமனூர் இறங்கி, பஸ் மாறி, சித்தியைக் கூட்டிக்கொண்டு வருவார். சுருட்டுக் கட்டு அவர் கையில்தான் இருக்கும்.

நான் மதுரையில் ஒரு செய்தித்தாளில் சேர்ந்தேன். இரு தரப்பிலும் உயிரிழப்பு என்ற வாக்கியத்தை எத்தனையோ முறை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம். போர் முடிந்து பல காலம் கழித்து, வேலையாக அந்தத் தீவின் வடக்கே போனபோது, முகாம்காரர் சொன்ன ஊரைத் தேடிப் போனேன். கல்லறைகள் இருந்த இடத்தை உழுது சமன் செய்திருந்தார்கள். பக்கத்தில் வெங்காயத் தோட்டம். அங்கே களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

"இந்தியாவில இருந்து வந்த பெடியளும் கொஞ்சப் பேர் இதில கிடந்தவை பிள்ளை. சொந்தப் பேர் என்ன, ஊர் என்னவெண்டு ஆருக்குத் தெரியும்? கார்த்திகையில அவையளுக்கும் எண்டு சேர்த்து ஒரு விளக்குப் பொதுவாக் கொளுத்துவன்."

என்னிடம் பெயர் இருந்தது. சொன்னேன். அந்த அம்மா அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒரு பிடி மண் அள்ளிக்கொள்ளத் தோன்றியது. சித்தப்பா ஏற்கெனவே வந்துவிட்டார் என்பது நினைவுக்கு வந்து, கையைத் துடைத்துக்கொண்டேன்.

பட்டாளத்து மாமா போன வருடம் இறந்தார். பெட்டிமேல் தேசியக் கொடி போர்த்தினார்கள். பழைய சிப்பாய்கள் பதக்கம் குத்திக்கொண்டு வந்து சல்யூட் அடித்தார்கள். யாரோ ஒரு பையன் பியூகிள் ஊதினான், நன்றாகவே ஊதினான். சமாதியில் வைத்த கருங்கல்லில் அவர் பெயரும் படை எண்ணும் பணியாற்றிய இடங்களும் இருக்கின்றன. அந்தத் தீவும் அதில் இருக்கிறது. நான் முழுக்கப் படித்தேன். ஒரு பிழையும் இல்லை.

இந்த மாசியில் அவருடைய மகன் கோயில் எல்லைக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டான். கையில் ரம் பாட்டில். "அப்பா சொல்லியிருந்தாருக்கா, தான் போனதுக்கப்புறமும் மாசி மாசம் உங்க கோயிலுக்கு ஒண்ணு குடுத்துரணும்னு. எதுக்குன்னு கேட்டேன், சொல்லலை. உங்களுக்குத் தெரியுமா?" என்றான். உள்ளே வா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றேன். அவன் தயங்காமல் வந்தான். வடகோடிக் கல்லுக்கு முன்னால் சித்தி உட்கார்ந்திருந்தார். பாட்டிலை வாங்கி வைத்துவிட்டு, அவனுக்கு இலையைப் போட்டு, குழம்பை ஊற்றி, "நல்லாச் சாப்பிடுப்பா" என்றார். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

தோப்பிலிருந்து திரும்பிய அந்தக் காலையைத்தான் அப்போது நினைத்தேன். சித்தி அப்பாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போன பிறகு, கூடத்தில் பங்காளிகள் கூடியிருந்தார்கள். நான் வாசற்படியில் ஏறி நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி செய்தியைச் சொன்னேன். சித்தப்பா அந்த ஊர் மெஷினை ஓடவைத்துவிட்டார், தண்ணீர் வந்துவிட்டது, பட்டாளத்து மாமா பக்கத்திலிருந்து பார்த்தார், அப்புறம் உத்தரவு வந்துவிட்டதாம் என்று. அப்பா என்னைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் அவருடைய காதில் இன்னொரு தடவை சொன்னேன், சரியாகக் கேட்கவில்லையோ என்று. எங்கள் பள்ளிக்கூடத்தில் லீவு விட உத்தரவு வந்தால் மணி அடிப்பார்கள், பையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம்.